முறை சொல்லி அழைக்கவும்

புந்தோங், ஈப்போ
10 மார்ச் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இன்று அப்பாவிடம் நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். நலம் விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

மத்தியானம் சாப்பிடும்போது அப்பா, "என் போட்டோவுக்கு எத்தன பேரு லைக் போட்டிருக்காங்க பாப்பா?" என்று கேட்டார். நிறையப் பேர் என்றேன். அந்தப் படத்தின் கீழே ஒரு பெண் அவரைக் கொலைகாரன் என்று எழுதியிருந்ததையும், அதை நான் காலையிலேயே நீக்கிவிட்டதையும் சொல்லவில்லை. அப்பா இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றிக்கொண்டார்.

உங்கள் சபா காட்டில் சிக்னல் இல்லாததால் எங்கள் முகநூல் குழுவை நீங்கள் பார்த்ததில்லை. 'ஏழாங்கட்டைத் தோட்டத்துச் சொந்தங்கள்' என்று பெயர். தோட்டத்தை விற்ற பிறகு நாலா பக்கமும் போன நம் ஆட்கள் மூவாயிரம் பேர் வரை இருக்கிறார்கள். தோட்டத்துக் கடைக்காரர் மகன் இப்ராஹிம் பாய் தொடங்கியது. அவர் இப்போது பழைய டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். அவரும் நானும்தான் குழுவைப் பார்த்துக்கொள்கிறோம். சம்பளம் இல்லாத வேலை. என்னை அங்கே யாருக்கும் தெரியாது. பெயருக்குப் பக்கத்தில் ஒரு செம்பருத்திப் படம், அவ்வளவுதான்.

இரண்டு வருடத்துக்கு முன் குழுவில் சாதிச் சண்டை மூண்டது. ஒருவர் இன்னொருவர் மகளின் கல்யாணப் படத்தை எடுத்து, அதன்மேல் எழுதக் கூடாததை எழுதிப் போட்டார். அந்தப் பெண் வெட்கத்தில் வேலைக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். அதற்குப் பிறகுதான் விதிகள் வந்தன. இரண்டாவது விதி நான் எழுதியது: 'யாரையும் முறை சொல்லி அழைக்கவும். வாடா போடா வேண்டாம்.' தோட்டத்தில் யாருக்கு யார் என்ன முறை என்று எல்லோருக்கும் தெரியும். அண்ணே என்று ஆரம்பித்துவிட்டால் அடுத்த வார்த்தை கொஞ்சம் தணிந்தே வரும். விதி வேலை செய்தது. குழு பிழைத்தது.

நேற்று யாரோ அப்பாவின் பழைய படம் ஒன்றைப் போட்டார்கள். தண்டல் உடையில், காலைப் பெரட்டில், ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்பிக்கொண்டு நிற்கிறார். கீழே ஒரே புகழ்ச்சி. நடுவில் சரளா என்று ஒருவர் எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன்:

"டேய் சன்னாசி, ஏழு மாசம்னு உன் கால்ல விழுந்து சொன்னேன். அப்பவும் மருந்துப் பம்பத் தூக்க வச்ச. என் புள்ள செத்துப் பொறந்துச்சு. கொலைகாரப் பயலே, உனக்கு இத்தன லைக்கா."

தொண்ணூற்றெட்டில் நடந்தது என்கிறார். அப்போது எனக்கு இரண்டு வயது. உங்களுக்குப் பன்னிரண்டு. இந்தப் பெயர் உங்களுக்கு நினைவிருக்கிறதா?

அப்பாவின் கால் வீக்கம் வடிந்திருக்கிறது. உங்கள் இருமல் நின்றதா? தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்.

அன்புத் தங்கை,
ஷாமினி


சபா
2 ஏப்ரல் 2024

அன்புள்ள ஷாமுவுக்கு,

நீ, அப்பா இருவரும் சுகம் என்று அறிந்து நிம்மதி. எனக்கு இருமல் இல்லை. உன் கடிதம் சண்டாக்கானில் கிடந்து, கம்பெனி லாரியில் ஏறி, இங்கே வந்து சேர இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

இங்கே மழை விட்டபாடில்லை. செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு வந்த டிராக்டர் ஒன்று சேற்றில் இறங்கி, எடுக்க ஒரு நாள் போனது. போன மாதம் முதல் மருந்தடிப்புப் பிரிவையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். ஓடி ஓடியே பொழுது போகிறது.

நீ அந்தக் கருத்தை நீக்கியது சரிதான். நாலு பேர் நடுவில் டேய் என்று எழுதுகிறவளிடம் என்ன நியாயம் இருக்கும்? மறுபடி எழுதினால் குழுவிலிருந்தே எடுத்துவிடு. எழுபத்திரண்டு வயது மனிதர். அவர் நிம்மதியைக் கெடுக்க வேண்டாம்.

அவருக்கு உப்பைக் குறை. கருவாடு வாங்கித் தராதே, கேட்டாலும்.

அண்ணன்,
பவித்ரன்


புந்தோங்
20 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. இருமல் போனதில் மகிழ்ச்சி. கருவாட்டை நான் நிறுத்திவிட்டேன்; அப்பா பக்கத்து வீட்டில் போய்ச் சாப்பிடுகிறார்.

போன ஞாயிறு இப்ராஹிம் பாயின் கடைக்குப் போனேன். கூட்டம் கலைந்திருந்தது. ஒரு கிளாஸ் தே தாரிக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"நீ ஏன்லா கை வச்ச?" என்றார். "வேற யாரு திட்டு வாங்கியிருந்தாலும் நீ தூக்கலாம். ஒங்கப்பாவத் திட்டுனா என்கிட்டல்ல விட்டிருக்கணும்."

"விதிப்படி தூக்க வேண்டியதுதானே பாய்?"

"தூக்க வேண்டியதுதான். நானா இருந்தாலும் தூக்கியிருப்பேன். ஆனா தூக்குனது நீ. எங்கத்தா கடைக் கருவாட்டுல புழு நெளிஞ்சுச்சுன்னு ஒருத்தரு வாரா வாரம் எழுதுறாரு. நா அதுக்கு லைக் போட்டுட்டுப் போறேனா இல்லியா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கேட்டேன். "அவங்க சொல்றது உண்மையா பாய்?"

அவர் ஏற்கனவே துடைத்திருந்த மேசையை மறுபடி துடைத்தார். "நா கடையில இருந்தவன் பாப்பா. வேலக்காட்டுல நடந்தது எனக்கு எப்படித் தெரியும்? நீ அடுத்தவங்க எழுதறதப் பாத்துக்க. இத நா பாத்துக்கிறேன்."

ஆனால் சரளா அக்கா எனக்குத்தான் தனியாகச் செய்தி அனுப்பியிருக்கிறார். செம்பருத்திப் படத்துக்குப் பின்னால் இருப்பது யார் என்று அவருக்குத் தெரியாது. "கெட்ட வார்த்த இருந்தா அத எடுத்துட்டுப் போடுங்க. விஷயத்த ஏன் எடுக்குறீங்க?" என்று கேட்கிறார்.

இரண்டு நாள் யோசித்துவிட்டு, மரியாதையாக எழுதிக் கொடுத்தால் கட்டாயம் போடுவோம் என்று பதில் அனுப்பினேன். அவர் லகாட்டில் இருக்கிறாராம். எழுதத் தெரியும், ஆனால் திருத்தமாக எழுத வராது, நீங்களே வந்து எழுதிக் கொடுங்கள் என்கிறார்.

இன்னொரு செய்தி. செப்டம்பர் 16 விடுமுறையன்று ஈப்போவில் மண்டபம் எடுத்துத் தோட்டத்து மக்கள் ஒன்றுகூடுகிறார்கள். உயிரோடிருக்கும் ஒரே தண்டல் என்று அப்பாவுக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்கள். அப்பா புதுச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டார். சரளா அக்காவுக்கும் அது தெரியும். அதற்கு முன் தன் விஷயம் எல்லோருக்கும் தெரிய வேண்டும், அப்பா 'ஆமாம், தெரிந்துதான் அனுப்பினேன்' என்று சொல்ல வேண்டும். அவர் கேட்பது அது ஒன்றைத்தான். மருந்தால்தான் பிள்ளை செத்தது என்று டாக்டர் யாரும் சொல்லவில்லை என்பதையும் அவரே எழுதியிருக்கிறார்.

போன கடிதத்தில் கேட்டேன். நீங்கள் பதில் எழுதவில்லை. சரளாவை உங்களுக்கு நினைவிருக்கிறதா?

மழையில் நனையாதீர்கள்.

ஷாமினி


சபா
28 மே 2024

அன்புள்ள ஷாமுவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். தாமதத்துக்கு வேலைதான் காரணம். மருந்தடிப்பில் ஆள் குறை. இந்தோனேசியாவிலிருந்து வந்த ஒரு பெண்ணை ஊருக்கு அனுப்ப வேண்டியதாகிவிட்டது. நல்ல வேலைக்காரி. அவள் போனதிலிருந்து மற்றவர்களும் சரியாக வேலை செய்வதில்லை.

ஆற்றில் முதலை வந்து ஒரு நாயைக் கொண்டுபோனது. சமையல்காரர் வளர்த்த நாய்.

சரளா என்று எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அந்தக் காலத்தில் எல்லாத் தோட்டத்திலும் அப்படித்தான். ஒரு தண்டல் என்ன செய்ய முடியும்? மேலே இருந்து சொன்னதைச் செய்தார். நீ அப்பாவிடம் எதுவும் கேட்காதே. லகாட்டுக்கும் போகாதே.

சட்டைத் துணி என்ன நிறம்? அவருக்கு வெள்ளைதான் எடுக்கும்.

பவித்ரன்


புந்தோங்
22 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே லகாட்டுக்குப் போய்விட்டேன். வந்திருந்தாலும் போயிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். சட்டை இளமஞ்சள்.

சரளா அக்கா மாடி வீட்டில் தனியாக இருக்கிறார். பள்ளிக்கூடம் ஒன்றில் கூட்டிப் பெருக்கும் வேலை. படியேறினால் மூச்சு வாங்குகிறது. கதவைத் திறந்ததும் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "வா, உக்காரு. சாப்டியா?" என்றார். நான் குழுவிலிருந்து வருகிறேன் என்றேன். சன்னாசியின் மகள் என்று சொல்லவில்லை. சொல்லிவிட்டு உள்ளே போயிருக்க வேண்டும். பாக்கெட் பிஸ்கட்டும் மைலோவும் வந்த பிறகு சொல்ல முடியவில்லை.

முதலில் 'டேய்', 'பயலே', 'கொலைகாரன்' மூன்றையும் எடுத்தோம். இப்படி வந்தது: "சன்னாசி அண்ணே, ஏழு மாதம் என்று உங்கள் காலில் விழுந்து சொன்னேன். அப்படியும் மருந்துப் பம்பைத் தூக்க வைத்தீர்கள். என் பிள்ளை செத்துப் பிறந்தது."

எனக்கு இதுவே சரியாகப் பட்டது. இப்ராஹிம் பாய்க்கு அனுப்பினேன். ஆதாரம் இல்லாமல் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டக் கூடாது என்பது மூன்றாவது விதி என்று திருப்பி அனுப்பினார். அதை எழுதியது அவர். அந்தக் கல்யாணப் படத்துக்குப் பிறகு எழுதியது. தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பெயரை எடுத்தோம். "நான் ஏழு மாதக் கர்ப்பிணியாக மருந்தடிக்க அனுப்பப்பட்டேன்" என்று எழுதிக் காட்டினேன்.

"யாரு அனுப்புனா? காத்தா அனுப்புச்சு?" என்றார் அக்கா.

"படிக்கிறவங்களுக்குத் தெரியும்கா."

"தெரிஞ்சவன் எல்லாம் இருவத்தஞ்சு வருஷமா வாயத் தொறக்கல. தெரியாதவனுக்குச் சொல்லத்தான் எழுதுறேன்."

ஆனாலும் மாற்ற ஒப்புக்கொண்டார். அதையும் பாய் ஏற்கவில்லை. விசேஷ நேரத்தில் ஒருவர் மேல் சந்தேகம் வரும், பொதுவாக எழுதச் சொல்லு என்றார். மூன்றாவது முறை எழுதும்போது அக்கா அடுப்படியில் நின்று கழுவிய கிளாஸையே கழுவிக்கொண்டிருந்தார். நானாக எழுதி வாசித்துக் காட்டினேன்:

"அந்தக் காலத்தில் நம் பெண்கள் வயிற்றில் பிள்ளையோடும் மருந்தடித்தோம். சிலர் பிள்ளையை இழந்தோம். அந்த நாட்களை இன்று நினைத்துப் பார்க்கிறேன்."

கடைசி வாக்கியம் என்னுடையது. ஒரு முடிவு வேண்டும் போல இருந்தது. அக்கா, "ஒனக்குப் புடிச்சிருந்தா போடு பாப்பா" என்றார். பாய் உடனே அனுமதித்துவிட்டார்.

நாங்கள் பொய் எழுதவில்லை. ஒவ்வொரு முறையும் நான் அவருக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தேன். பஸ்ஸில் திரும்பும்போதுதான், அவர் முதலில் எழுதியதையும் சேர்த்து, நாலையும் வரிசையாகப் படித்துப் பார்த்தேன்.

அந்த இந்தோனேசியப் பெண்ணை ஏன் ஊருக்கு அனுப்பினீர்கள்? எழுதவே இல்லையே. உங்கள் ஆட்களில் யாராவது கர்ப்பமாக இருந்தால் உங்களுக்கு எப்படித் தெரியவரும்?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷாமினி


புந்தோங்
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்களிடமிருந்து கடிதம் இல்லை. லாரி வரவில்லையா, உடம்புக்கு முடியவில்லையா என்று தெரியாமல் இதை எழுதுகிறேன். அப்பா நன்றாக இருக்கிறார்.

சரளா அக்காவின் பதிவுக்கு முந்நூறுக்கு மேல் இதயம் விழுந்தது. குழுவில் இதுவரை எந்தப் பெண்ணின் பதிவுக்கும் அவ்வளவு வந்ததில்லை. "நம் தாய்மார்கள் பட்ட பாடு", "அந்தக் காலமே தனிதான் அக்கா", "அருமையான நினைவு" என்று கீழே எழுதினார்கள். மாயாண்டி என்பவர், "சன்னாசி தண்டல் மாதிரி தங்கமான மனுஷங்க இருந்ததால சமாளிச்சோம்" என்று எழுதி அப்பாவின் அதே படத்தைச் சேர்த்துப் போட்டார். அதற்கும் நிறைய இதயம்.

அக்கா முதலில் பொறுமையாகத்தான் பதில் போட்டார். "நான் சொல்ல வந்தது அது இல்லை தம்பி." யாரும் கவனிக்கவில்லை. பிறகு, "என்னை அனுப்பியதே அவர்தான்." அதற்கு மாயாண்டி, "அக்கா, பெரியவங்களப் பத்தி ஆதாரம் இல்லாம பேசாதீங்க. பண்பா இருங்க" என்று கை கூப்பும் படத்தோடு எழுதினார். முறை சொல்லி அழைத்திருந்தார். ஒரு விதியையும் மீறவில்லை.

அதன் பிறகு அக்கா எழுதினார்: "ஒன் பண்புல தீய வைக்க. அவன்தான்டா அனுப்புனான், மூதேவிங்களா."

இப்ராஹிம் பாய் அதை நீக்கிவிட்டு, செப்டம்பர் கடைசி வரை அவர் எழுத முடியாதபடி நிறுத்தி வைத்துவிட்டார். ஒன்றுகூடலில் பேச விரும்புகிறவர்கள் குழுவில்தான் பெயர் கொடுக்க வேண்டும். அவரால் இனிக் கொடுக்க முடியாது. பாயிடம் போனில் கேட்டேன்.

"ரெண்டாவது தடவ பாப்பா," என்றார். "விட்டா நாளைக்கு இன்னொருத்தன் இன்னொருத்தன் மகள இழுப்பான். அப்ப அழுவுனது யாரு? நீதானே?"

ஆமாம், நான்தான் அழுதேன். அதனால் போனை வைத்துவிட்டேன்.

உடனே ஒரு வரியாவது எழுதுங்கள்.

ஷாமினி


சபா
25 ஆகஸ்ட் 2024

அன்புள்ள ஷாமுவுக்கு,

இரண்டு கடிதமும் ஒன்றாகக் கிடைத்தன. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. கவலைப்படாதே.

லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. ஒன்றுகூடலுக்கு வர முடியாது. அப்பாவிடம் நீயே பக்குவமாகச் சொல். பொன்னாடை போர்த்தும்போது ஒரு படம் எடுத்து அடுத்த கடிதத்தில் வை.

இங்கே சமையல்காரர் வேறு நாய் கொண்டுவந்துவிட்டார். குட்டி. பெயர் வைக்கச் சொல்லி என்னிடம் கேட்டார். ஒன்றும் தோன்றவில்லை.

அம்மா இருந்திருந்தால்

எழுத நேரமில்லை. லாரி நிற்கிறது.

பவித்ரன்


புந்தோங்
29 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

படம் வைத்திருக்கிறேன். அப்பா நலமாக இருக்கிறார். இந்தக் கடிதம் நீளமாக இருக்கும்.

மண்டபம் நிறைந்திருந்தது. தஞ்சோங் மாலிமிலிருந்து ஒரு பஸ், பாகான் செராயிலிருந்து ஒரு பஸ். பெயர் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக மேடையேறித் தோட்டத்தைப் பற்றிப் பேசினார்கள். அப்பாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சரளா அக்கா வரவில்லை. நான் ஒவ்வொரு வரிசையாகத் தேடினேன்.

மறுநாள் காலை, பசியாறிக்கொண்டிருந்தபோது, நீங்கள் கேட்காதே என்றதை அப்பாவிடம் கேட்டுவிட்டேன்.

"சரளான்னு ஒருத்தங்கள மாசமா இருக்கறப்ப மருந்தடிக்க அனுப்புனீங்களாப்பா?"

அப்பா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை. "கடைசி லயத்துச் சரளாவா? ஆமா. அனுப்புனேன்."

"ஏழு மாசம்னு சொன்னாங்களா?"

"சொல்லுச்சு. கால்லகூட விழுந்துச்சு. அன்னிக்கு ஆள் பத்தல பாப்பா. சாயங்காலம் தொர வந்து பாப்பான். ஒரு நெரை மரம் பாக்கின்னாலும் என் வேல போயிரும். யார அனுப்புறது?"

இவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. இருபத்தைந்து வருடமாக யாரும் அவரிடம் கேட்கவே இல்லை போலிருக்கிறது.

"இத அவங்ககிட்ட சொல்வீங்களாப்பா?"

"மரியாதையா வந்து கேக்கச் சொல்லு, சொல்றேன். நாலு பேரு பாக்க டேய்ங்கிறவளுக்கு நா எதுக்குப் பதில் சொல்லணும்?" பிறகு என்னைப் பார்த்தார். "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? நீ தூக்கறதுக்கு முந்தியே மாயாண்டி போன்ல காட்டிட்டான்."

அன்று சாயங்காலமே லகாட்டுக்குப் போனேன். இந்த முறை வாசலிலேயே, "அக்கா, நான் சன்னாசி மக" என்றேன்.

"தெரியும். மொத நாளே தெரியும். அப்பிடியே ஒங்கம்மா மொகம்." உள்ளே போய் உட்கார்ந்தார். "ஆஸ்பத்திரியிலேருந்து வெறுங்கையோட வந்தப்ப ஒங்கம்மாதான் எனக்குக் கஞ்சி கொண்டாந்தா. புருஷனுக்குத் தெரியாம, ஒரு வாரம். சரளா அக்கா ஏன் அழுவுதுன்னு என் மகன் கேட்டுக்கிட்டே இருக்கான், என்ன சொல்றதுன்னு தெரியலன்னா. அவளுக்காகத்தான் நீ சொன்னபடிக்கெல்லாம் மாத்துனேன்."

அப்பா சொன்னதைச் சொன்னேன். வீட்டுக்கு வந்து மரியாதையாகக் கேட்டால் சொல்வார், நான் கூட இருக்கிறேன் என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "கால்ல விழுந்தேன் பாப்பா. அதுக்கு மேல மரியாத என்ன இருக்கு?"

அவரே தொடர்ந்தார். "பெரட்டுல வச்சுத்தான் விழுந்தேன். அத்தன சனமும் பாத்துச்சு. அத்தன சனமும் இருக்கற எடத்துல அவரு சொல்லட்டும். வீட்டுக்குள்ள வந்து கேக்க எனக்கு என்ன தலையெழுத்து?"

அப்பாவிடம் வந்து சொன்னேன். முடியாது என்றார். தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

அன்றைக்கே அக்கா முதலில் எழுதியதை, 'டேய்' உள்பட, ஓர் எழுத்தும் மாற்றாமல் குழுவில் போட்டேன். மேலே, "நான் சன்னாசியின் மகள். இது உண்மை என்று அப்பா என்னிடம் சொன்னார்" என்று சேர்த்தேன். பார்த்த சிலரில் ஒருவர், பெற்ற அப்பனையே சந்தியில் நிறுத்துகிறாள் என்று எழுதினார். இன்னொருவர் நான் கணக்கைத் திருடிய வேறு ஆள் என்றார். ஒரு மணி நேரத்துக்குள் இப்ராஹிம் பாய் நீக்கிவிட்டார். என்னையும் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார். பிறகு போன் செய்தார்.

"நா ஒன்ன வெரட்டல பாப்பா. நீ எழுதுன விதிதான்லா. கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு. கடைக்கு வா, ஒனக்குப் புடிச்ச முர்தபா போட்டுத் தாரேன்."

அண்ணே, அம்மாவிடம் கேட்டுக்கொண்டே இருந்த மகன் நீங்கள்தான். அம்மா உங்களுக்கு என்ன பதில் சொன்னார்கள்?

ஷாமினி


சபா
3 நவம்பர் 2024

அன்புள்ள ஷாமுவுக்கு,

சுகமாக இருக்கிறாயா? அப்பாவின் படம் நன்றாக வந்திருக்கிறது. மேசையில் வைக்கவில்லை.

அம்மா பதில் சொல்லவில்லை. அப்பாவைக் கேள் என்றார்கள். அப்பாவைக் கேட்டேன். ஓர் அறை விட்டார். அதோடு சரி. அவர் என்னை அடித்தது அந்த ஒரு முறைதான், அதனால் நினைவிருக்கிறது. சரளா அக்காவையும் நினைவிருக்கிறது. உன் முதல் கடிதத்திலேயே நினைவிருந்தது.

நீ கேட்ட இன்னொன்று. இங்கே மருந்தடிப்பில் இருப்பவர்கள் எல்லாம் பெண்கள். கர்ப்பமானவர்களை அந்த வேலைக்கு அனுப்பக் கூடாது என்று கம்பெனி விதி இருக்கிறது. நல்ல விதிதான். ஆனால் கர்ப்பம் என்று தெரிந்தால் வெளிநாட்டுக்காரியின் அனுமதி ரத்து, ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் யாரும் சொல்வதில்லை. ஊருக்குப் போன அந்தப் பெண்ணின் பெயர் சுமார்னி. வாந்தி எடுத்ததை மேற்பார்வையாளன் பார்த்துவிட்டான். அவள் என் அறைக்கு வந்து கை கூப்பிக்கொண்டு நின்றாள், இன்னும் மூன்று மாதம் விடச் சொல்லி. எனக்கு அவள் பாஷை புரியாதது போல இருந்துவிட்டேன்.

மற்றவர்களிடம் நான் கேட்பதில்லை. அவர்கள் சொல்லாத வரைக்கும் எனக்குத் தெரியாது.

சரளா அக்காவிடம் நான் விசாரித்ததாகச் சொல். வேண்டாம், சொல்லாதே. டிசம்பரில் லீவு கிடைத்தால் நானே வந்து பார்க்கிறேன்.

பவித்ரன்


புந்தோங்
8 டிசம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் லகாட்டுக்குப் போக வேண்டியதில்லை. சரளா அக்கா நவம்பர் கடைசி வாரம் இறந்துவிட்டார். வேலைக்குப் போன இடத்தில், பள்ளிக்கூடப் படியிலேயே. இருதயம் என்றார்கள். காரியத்துக்கு நானும் இப்ராஹிம் பாயும் போனோம். அக்கா வேலை செய்த பள்ளியிலிருந்து நாலு பேர் வந்திருந்தார்கள். தோட்டத்து ஆட்கள் என்று வேறு யாரும் வரவில்லை. பாய் வெளியே காரில் சாய்ந்துகொண்டு வெகுநேரம் நின்றார்.

மறுநாள் பாய் குழுவில் இரங்கல் பதிவு போட்டார். அப்பாவுக்கு யாரோ போன் செய்து சொல்லியிருக்கிறார்கள். என்னைக் கூப்பிட்டுத் தன் போனைக் கையில் கொடுத்தார். கண்ணுக்கு எழுத்து தெரியவில்லை, நான் சொல்வதை எழுது என்றார்.

"என்னப்பா எழுதணும்?"

"தங்கச்சின்னு போடு. முறை தப்பக் கூடாது."

அவர் சொன்னதை அப்படியே எழுதினேன்: "அன்புத் தங்கச்சி சரளா ஏழாங்கட்டைத் தோட்டத்தில் கஷ்டப்பட்டு உழைத்தவர். அவர் ஆத்மா சாந்தியடைய வேண்டுகிறேன். அண்ணன் சன்னாசி."

"வேற எதுவும் சேக்கணுமாப்பா?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தார். "போதும், அனுப்பு" என்றார்.

அனுப்பினேன். அதில் விதிக்கு மாறான சொல் ஒன்றும் இல்லை. பாய் உடனே அனுமதித்துவிட்டார். நானூறு பேருக்கு மேல் இதயம் போட்டார்கள்.

ஷாமினி